21 ஆண்டும் ஒரு நாளும்

‘புத்தரும் அவர் தம்மமும்: 40 நாள் வாசிப்பு’ என்ற தலைப்பில் ஓர் அட்டவணை சில மாதங்களாக மும்பைத் தமிழ் மாணவர்களின் வாட்ஸாப் குழுக்களில் வலம்வருகிறது. நாளொன்றுக்கு இத்தனை பக்கம். இரவு பத்து மணிக்குள் முடித்தவர் பெயருக்கு எதிரே பச்சைக் குறி, முடிக்காதவருக்குச் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் குழுவிலிருந்து நீக்கம். இதே வார்ப்பில் திருமந்திரத்துக்கும் கீதைக்கும்கூட அட்டவணைகள் கண்ணில் பட்டன. இவற்றை வகுப்போருள் பலர் நம்மைப் போன்ற ஆய்வாளர்கள் என்பதாலேயே இதைப் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் இல்லாமல், தன் வாழ்வை முன்னிட்டு ஒரு சமய நூலைக் கற்கப் புகுந்தவருக்கு இந்த அட்டவணை உதவி அன்று, இடையூறு. தன் வேகம் எது என்று கண்டுகொள்வது அந்தக் கல்விக்கு வெளியே முடிக்க வேண்டிய முன்னேற்பாடு அன்று. அக்கல்வியின் பெரும்பகுதி அதுதான்.

அட்டவணை எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். முனைவர் பட்டத்தின் முதலாண்டில் வாரத்துக்கு இருநூறு முந்நூறு பக்கம் படிக்கச் சொல்கிறார்கள், படிக்கிறோம். எவர் எதை வாதிட்டார், எங்கே இடைவெளி, நம் ஆய்வு எங்கே பொருந்தும் என்று கண்டறிவதற்கான வாசிப்பு அது. அதற்கு அந்த வேகம் பொருந்தும். குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ‘இந்த நூல் சொல்வது மெய்யானால் நான் எப்படி வாழ்வது?’ என்ற கேள்வியோடு அமர்பவருக்கும் அதே அளவுகோலை நீட்டுவது, உலையில் கொதிக்கும் அரிசியை முழக்கோலால் அளப்பதற்கு ஒப்பானது.

இங்கே பேசப்படும் நூலின் ஆசிரியரையே எடுத்துக்கொள்வோம். 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். இடையே 21 ஆண்டும் ஒரு நாளும். புத்தரோடு அவருக்கிருந்த அறிமுகமோ அதனினும் பழையது. பள்ளிப் பருவத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். அன்று படித்த நூலுக்கும் நாக்பூருக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

இந்த நீண்ட காலத்தைக் கருத்தரங்குகளில் எப்படி விளக்குகிறோம்? ஒரு தரப்பு ‘அரசியல் பேரம்’ என்கிறது: அறிவிப்பை அச்சுறுத்தலாக வைத்துக்கொண்டு காலம் கடத்தினார் என்று. இன்னொரு தரப்பு, உடல்நலம் குன்றியதால் கடைசியில் அவசரப்பட்டார் என்கிறது. ஒருவரைப் பற்றியே தாமதம், அவசரம் என்ற இரு குற்றச்சாட்டுகளும் எழுவது வேடிக்கை. இரு தரப்பும் அறிவிப்பையும் சடங்கையும் மட்டுமே எண்ணுகின்றன. நடுவிலிருந்த வாசிப்பை எண்ணவில்லை.

நடுவில் இருந்தது என்ன? 1936 மே மாத இறுதியில் தாதர் நைகாவில் அவர் ஆற்றிய ‘முக்தி கோன் பதே’ உரை மதமாற்றம் ஏன் தேவை என்பதை விரிவாக வாதிட்டது. எந்தச் சமயத்துக்கு மாறுவது என்று அது முடிவு சொல்லவில்லை. ஆனால் அவ்வுரை முடிந்தது புத்தர் ஆனந்தருக்குக் கூறிய இறுதி அறிவுரையில்: தன்னையே விளக்காகவும் புகலாகவும் கொள் என்பதே அதன் சாரம். ஏறத்தாழ அதே காலத்தில் அவர் சீக்கிய சமயத்தையும் தீவிரமாக ஆராய்ந்தார். 1936-இல் அமிர்தசரஸ் சென்றார். மாட்டுங்காவில் 1937-இல் தொடங்கிய குரு நானக் கால்சா கல்லூரியின் தோற்றம் அந்த ஆராய்ச்சிக் காலத்தோடு இணைத்தே பேசப்படுகிறது. நாள்தோறும் அக்கல்லூரியைக் கடந்து செல்வோருள் எத்தனை பேருக்கு, அது ஒரு மனிதர் தேர்ந்தெடுக்காமல் விட்ட பாதையோடு தொடர்புடைய கட்டடம் என்பது தெரியும்? நாற்பது நாள் அட்டவணையில் இப்படி ஒரு பாதையில் சென்று பார்த்துத் திரும்புவதற்கு இடம் எங்கே?

பிறகு வைஸ்ராய் நிர்வாகக் குழு, அரசியலமைப்பு வரைவுக் குழு, சட்ட அமைச்சர் பதவி. இவை ஆண்டுகளைத் தின்றன என்பதை மறுக்கவில்லை. அரசியல் கணக்குகளும் இருந்திருக்கும். தன் வேகம் என்று நான் சொல்வது இவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்த குகைவாசியின் வேகம் அன்று. இவற்றுக்கு நடுவே நின்றுபோகாத வேகம். 1948-இல், அந்த வேலைப்பளுவுக்கு இடையே, பேராசிரியர் இலட்சுமி நரசு எழுதிய ‘பௌத்தத்தின் சாரம்’ என்னும் ஆங்கில நூலுக்கு முன்னுரை எழுதி மறுபதிப்புக் கொணர்ந்தார். சென்னையில் 1907-இல் வெளிவந்த நூல் அது. பாலி மொழியைப் பயின்றார். அதற்கு இலக்கணமும் அகராதியும் தொகுத்தார். 1950-இல் இலங்கைக்கும் 1954-இல் ரங்கூனுக்கும் பௌத்த மாநாடுகளுக்காகச் சென்றார். 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்த பின் இருந்த ஐந்தாண்டுகளில் உருவானதே நாம் பேசும் நூல். அது 1957-இல், அவர் மறைந்த பிறகு, சித்தார்த்தா கல்லூரியின் வெளியீடாக வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ‘மெதுவாகப் படியுங்கள்’ என்பதன்று என் வாதம். அது இப்போது வேறொரு சந்தைச் சரக்கு. தாதர் இந்து காலனியில் புத்தகங்களுக்காகவே ‘ராஜகிருகம்’ என்ற வீட்டைக் கட்டிக்கொண்ட மனிதர் மெதுவாகப் படித்தார் என்று எவரும் சொல்ல முடியாது. அவர் அசுரவேகத்தில் படித்தார்; தெளிவதற்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். பக்கத்தைப் புரட்டும் வேகம் வேறு, கேள்வியைக் கைவிடாமல் இருக்கும் காலம் வேறு. அட்டவணை இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதுவே அதன் அடிப்படைப் பிழை.

அந்தக் கேள்விகள் எவை என்பதை நூலின் முன்னுரைப் பகுதியிலேயே அவர் வைக்கிறார்: புத்தர் ஏன் துறவு பூண்டார், நான்கு வாய்மைகளை எப்படிக் கொள்வது, ஆன்மா இல்லையென்றால் வினையும் மறுபிறப்பும் எப்படி, பிக்குவின் நோக்கம் என்ன. முதல் கேள்வியைப் பாருங்கள். முதியவர், நோயாளி, பிணம் ஆகிய காட்சிகளைக் கண்டு சித்தார்த்தர் வெளியேறினார் என்பது நாமெல்லாம் பள்ளியில் படித்த கதை. 29 வயது வரை ஒருவர் இவற்றைக் காணாமல் இருந்திருக்க முடியுமா என்பது அம்பேத்கரின் ஐயம். அவர் அதை ஏற்கவில்லை. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியர்களும் கோலியர்களும் போரிட முனைந்தபோது, அப்போரைச் சித்தார்த்தர் எதிர்த்துச் சாக்கிய சங்கத்தில் தோற்றார், குடும்பத்தின் நிலம் பறிபோகாதிருக்கத் தாமே நாடு நீங்கினார் என்று எழுதினார். மரபுவாதிகள் இன்றும் இதை ஏற்பதில்லை, வாதிடட்டும். எல்லோரும் ‘தெரிந்த கதை’ என்று ஐந்து நிமிடத்தில் தாண்டிய இடத்தில் ஒருவர் நின்றார், நகர மறுத்தார், தன் விடையோடுதான் நகர்ந்தார் என்பதே நமக்கு வேண்டியது. அவர் பெயருக்கு எதிரே எத்தனை சிவப்புக் குறி விழுந்திருக்கும்!

இப்போது தாராவிக்கு வருகிறேன். களப்பணியில் நான் அறிந்த ஒருவர், தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். திருநெல்வேலிப் பக்கம். மனைவியும் குழந்தையும் ஊரில். பெரியார்தாசன் மொழிபெயர்ப்பில் இந்த நூலைப் படித்து வந்தார். (மொழிபெயர்த்தவர் 2010-இல் இஸ்லாத்தைத் தழுவினார். இதைச் சொல்லிச் சிரிப்போரைக் கண்டிருக்கிறேன். ஒரு நூலை வரிவரியாகத் தமிழாக்கிய பின்னும் ஒருவரின் தேடல் நிற்கவில்லை என்பதில் சிரிக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை.) சித்தார்த்தர் வீட்டாரிடம் விடைபெறும் பகுதியில் நம் நண்பர் நின்றுவிட்டார். அம்பேத்கரின் நூலில் சித்தார்த்தர் நள்ளிரவில் ஒளிந்து போவதில்லை. யசோதரையிடம் பேசிவிட்டே போகிறார். அவளும் கலங்காமல், ராகுலனை வளர்க்க வேண்டியிராவிட்டால் தானும் உடன் வந்திருப்பேன் என்கிறாள். ‘அந்தம்மா அப்படிச் சொல்லிட்டாங்க. எங்க வீட்ல கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியல சார். நான் கேட்டதே இல்ல’ என்றார். ஏழு வாரம் அந்தப் பகுதியையே படித்தார். ஒன்பதாம் நாளிலேயே குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். ‘நமக்கெல்லாம் படிப்பு வராது’ என்று அதற்கு அவர் பொருள் கொண்டார் என்பதுதான் என்னைச் சினமூட்டியது. அக்குழுவில் நாற்பது நாளில் முடித்த எவரும், முனைவர் பட்டம் பெற்றவர் உட்பட, அந்தப் பகுதியை அவரளவு படித்திருக்க வாய்ப்பில்லை. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட ஒருவரிடம், கல்வியின் பெயரால், அவர் தோற்றுவிட்டதாகச் சொல்கிறது ஒரு சிவப்புக் குறி. அதுவும் அம்பேத்கர் நூலை வைத்து.

ஒரு வலுவான மறுப்பு உண்டு. நாக்பூரில் ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் தம்மம் ஏற்றனர். டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். மறுநாள் தாதரில் அவர் இறுதிச் சடங்கின்போதே மேலும் பெருந்திரளானோர் தம்மம் ஏற்றனர். அவர்கள் 21 ஆண்டு படித்தார்களா? தன் வேகம் என்பது நூலகமும் ஓய்வும் உள்ளோரின் சொகுசு இல்லையா?

இல்லை என்பேன். சாதியிலிருந்து வெளியேறுவதற்கு எவரும் தேர்வு எழுத வேண்டியதில்லை. அந்தக் கதவு ஒரே நாளில் திறக்கலாம், திறக்கவும் வேண்டும். உள்ளே வந்தபின் கற்பதற்குத்தான் அந்த நூல். அதன் அமைப்பைக் கவனியுங்கள். எட்டு நூற்பகுதிகள், அவற்றுள் பாகங்கள், சிறு சிறு பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலும் எண்ணிட்ட குறுகிய வாக்கியங்கள். வேலை முடிந்து வந்த ஒருவர் பன்னிரண்டாம் எண்ணில் நிறுத்தி, அடுத்த நாளோ அடுத்த மாதமோ பதின்மூன்றில் தொடரலாம். ஓய்வில்லாதவரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட நூலாகவே எனக்குப் படுகிறது. நாற்பது நாள் அட்டவணைக்குத்தான் ஓய்வு வேண்டும்: ஒவ்வோர் இரவும் தவறாமல், பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் உறங்குவதற்கு முன், ஒரு மணி நேரம்.

தமிழில் இதற்கு முன்னோடியும் உண்டு. இலட்சுமி நரசுவின் நூல் வந்த அதே 1907-இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயல் தொழிலாளர் வரை அதைப் படித்தனர். தமிழ்ப் பௌத்தம் அவர்களுக்கு வாரத்துக்கு ஒரு பைசா அளவில் கிடைத்தது. முதல் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையிலான நாட்களில் படித்ததைப் பேசினர், சண்டையிட்டனர், கேள்வி எழுதி அனுப்பினர். அந்த இடைவெளியும் வாசிப்புதான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் எழும்: தானே படிப்பது ஆபத்து, குரு வேண்டும், அவரே வேகத்தை வகுப்பார் என்று. குரு கிடைத்தவர் பேறு பெற்றவர்; அவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அம்பேத்கர் பிக்கு சந்திரமணியிடம் சரணமும் சீலமும் பெற்றது 1956 அக்டோபர் 14 அன்று, கல்வியின் தொடக்கத்தில் அல்ல. அதற்கு முன் அவர் தம் குருக்களாகச் சொல்லிக்கொண்டவர்கள் புத்தர், கபீர், பூலே. மூவரையும் நேரில் கண்டவரல்லர்.

மாட்டுங்கா நண்பர் ஒருவர், மார்கழியில் திருப்பாவை நாளுக்கொன்றாக முப்பது நாளில் முடிகிறதே, அதுவும் அட்டவணைதானே என்றார். நல்ல கேள்வி. ஆனால் அங்கே எவரும் ‘முடிப்பதில்லை’. அடுத்த மார்கழியில் மீண்டும் முதல் பாட்டு. ஒரு நாள் தவறியவருக்குச் சிவப்புக் குறி இல்லை, சுண்டல் உண்டு. அது பாராயணம், ஊர்கூடி இழுக்கும் தேர். கற்பது அவரவர் நடை.

சோம்பலுக்கு இது சாக்காகாதா என்று கேட்கலாம். ஆகக்கூடும். அதனால் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளச் சொல்வேன்: எத்தனை பக்கம் ஆயிற்று என்பதற்குப் பதில், எங்கே நிற்கிறீர்கள், ஏன்? நிற்பவருக்கு இதற்கு விடை இருக்கும்; தூங்குபவருக்கு இராது. விடை மாதக்கணக்கில் மாறவே இல்லையென்றால் அந்தப் பகுதியை விட்டு முன்னே போய்ப் பார்க்கலாம். வம்சாவளிகளையும் ஊர்ப் பெயர்களையும் விரைந்து கடக்கலாம். ஓடும் நாளில் ஓடட்டும். குறிப்பேட்டில் பக்க எண்ணை எழுதாமல் அன்றைய கேள்வியை எழுதிவையுங்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் உங்கள் வேகம் அதில் தெரியும். முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை.

டிசம்பர் 6 வருகிறது. வழக்கம்போல் சிவாஜி பூங்காவில் புத்தகக் கடைகள் நிறையும். முதன்முறையாக இந்த நூலை வாங்கிச் செல்வோர் ஏராளம் இருப்பர். அவர்களை உங்கள் குழுக்களில் சேருங்கள். பச்சை, சிவப்புப் பத்திகளை மட்டும் அழித்துவிடுங்கள். செம்பூரில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுகிறோம். ஒருவர் நூலை மூன்றாம் முறை படிக்கிறார். ஒருவர் இன்னும் ரோகிணிக் கரையில் நிற்கிறார். எந்தப் பக்கத்தில் இருப்பவரும் வரலாம். இடம் வேண்டுவோர் உள்பெட்டியில் கேளுங்கள்.