லூப்பின் சேர் ஏன் வேலையை விட்டார்?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நம் பிள்ளைகளில் பலர் ஹரி பொட்டர் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலம் ஓரளவு ஓடும் பிள்ளைகள் புத்தகத்தையும் வாசிக்கிறார்கள். "மந்திரம், மாயம் எல்லாம் நமக்கெதற்கு?" என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். கற்பனையைக் கற்பனை என்று பிள்ளைக்கு விளங்கவைப்பது வீட்டுக்கும் பாடசாலைக்கும் பொதுவான வேலை. இன்று நாம் எடுத்துக்கொள்வது அந்தக் கதையில் வரும் ஒரு நோயை மட்டும்தான். அந்த நோய் உலகத்தில் இல்லை. ஆனால் அந்த நோய்க்காரரை ஊர் நடத்திய விதம் இருக்கிறது. அதுவும் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது.

1999இல் ஜே.கே. ரௌலிங் எழுதிய மூன்றாவது புத்தகத்தில் ரீமஸ் லூப்பின் என்று ஒரு ஆசிரியர் வருகிறார். 2004இல் அது படமாகவும் வந்தது. ஒட்டுப்போட்ட அங்கி, பழைய பெட்டி, இளம் வயதிலேயே நரை, எப்போதும் களைத்த முகம். ஆனால் வகுப்புக்குள் வந்தால் ஆள் வேறு. பயந்த பிள்ளையை முன்னுக்குக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அவனை வெல்லவைப்பார். மற்றவர்கள் மட்டம் தட்டிவைத்திருந்த நெவில் என்ற பையன் முதல் தடவை தலைநிமிர்வது அவருடைய பாடத்தில்தான். அந்தப் பாடத்துக்கு இதற்கு முன் இப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். ஆசிரியர் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

அவருக்கு ஒரு நோய் இருந்தது. சிறுவனாக இருக்கும்போது ஓநாய் மனிதன் ஒருவன் அவரைக் கடித்துவிட்டான். அவருடைய தகப்பன் மீது இருந்த கோபத்தைப் பிள்ளையிடம் தீர்த்துக்கொண்டான். அதன் பிறகு ஒவ்வொரு பௌர்ணமி இரவும் அவர் ஓநாயாக மாறிவிடுவார். அந்த நேரத்தில் தான் யார் என்பதே அவருக்குத் தெரியாது. முன்னால் மனிதர் யாரும் அகப்பட்டால் கடிப்பார், கடிபட்டவருக்கும் நோய் வரும். விடிந்தால் பழையபடி மனிதர். மாதத்தில் மற்ற நாட்களில் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடலாம், ஒரே வகுப்பில் இருக்கலாம், யாருக்கும் எதுவும் ஆகாது.

இந்த நோய்க்குச் சுகம் இல்லை. ஆனால் கட்டுப்படுத்த ஒரு மருந்து பிற்காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பௌர்ணமிக்கு முந்திய வாரம் முழுவதும் குடிக்க வேண்டும். சரியான கசப்பு, சீனி போட்டால் வேலை செய்யாது. அதைக் குடித்தால் உருவம் மாறும், புத்தி மாறாது. தன் அறையில் ஒரு மூலையில் சுருண்டு படுத்திருந்துவிட்டு, காலையில் எழுந்து பாடம் எடுக்கப் போகலாம். ஒருவருடைய வாழ்க்கை ஒரு கோப்பைக் கசப்பு மருந்தில் நிற்கிறது. நீரிழிவுக்கும் வலிப்புக்கும் நாள் தவறாமல் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

அந்த வருடக் கடைசியில், அவருடைய நோயை இன்னொரு ஆசிரியர் காலைச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் மத்தியில் அவிழ்த்துவிடுகிறார். வாய் தவறி வந்ததுபோல. அன்றைக்கே லூப்பின் பெட்டியைக் கட்டுகிறார். யாரும் அவரை விலக்கவில்லை. நாளைக்குப் பெற்றோரின் கடிதங்கள் வரத் தொடங்கும், தங்கள் பிள்ளைகளுக்கு ஓநாய் மனிதன் படிப்பிப்பதை யாரும் விரும்பமாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். கடிதம் வர முதலே போய்விடுகிறார்.

இந்த இடத்தில் நியாயமாகவும் பேச வேண்டும். பெற்றோரின் பயம் முழுக்க வெறும் கற்பனை இல்லை. முந்திய இரவு அவர் மருந்து குடிக்க மறந்திருந்தார். மூன்று பிள்ளைகள் முன்னாலேயே ஓநாயாக மாறினார். பெரிய அனர்த்தம் மயிரிழையில் தப்பியது. ஒரு உம்மாவோ வாப்பாவோ அதைக் கேட்டால் பயப்படத்தான் செய்வார்கள். நாங்களும் பயந்திருப்போம்.

ஆனால் பயம் வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "இனி இந்த மருந்து தவறாமல் இருக்க என்ன ஏற்பாடு?" என்று கேட்கலாம். அல்லது "இந்த ஆளை அனுப்புங்கள்" என்று கேட்கலாம். முதல் கேள்வி பிள்ளையைப் பாதுகாக்கும். இரண்டாவது நம் மனதைத் தற்காலிகமாக ஆற்றும், அவ்வளவுதான்.

முதல் கேள்வியைக் கேட்ட ஒருவர் கதையில் இருக்கிறார், அதிபர் டம்பிள்டோர். லூப்பின் சிறுவனாக இருந்தபோது, எந்தப் பாடசாலையும் சேர்க்காது என்று குடும்பம் நினைத்திருந்த நேரத்தில், அவர் சேர்த்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு வீடு, அதற்குப் போக ஒரு சுரங்கப்பாதை, அதன் வாயிலில் யாரும் நெருங்க முடியாத ஒரு மரம், மாதாமாதம் கூட்டிக்கொண்டு போக பாடசாலையின் தாதி. பிள்ளையும் படித்தான், மற்றப் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருந்தார்கள். பாதுகாப்பும் அரவணைப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்கிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அந்த வீட்டில் தனியாக அடைபட்ட இரவுகளில், கடிக்க வேறு ஆள் இல்லாததால் அந்தச் சிறுவன் தன்னையே கடித்துக் கீறிக்கொண்டான். ஒதுக்கப்பட்டவரின் நோய் அவர் பக்கமே திரும்பும். பிறகு மூன்று நண்பர்கள் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். விட்டுவிட்டு ஓடவில்லை. ஓநாய் மனிதர்களைத்தான் கடிக்கும் என்பதால், தாங்கள் மிருகங்களாக மாறப் பழகிக்கொண்டு அவனோடு இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தபோது அவனுடைய வெறி தணிந்தது. அவர்கள் எடுத்த வழி ஆபத்தானது, விதிகளை மீறியது, அதைப் புத்தகமே ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் துணை இருந்தால் நோயின் பாரம் குறையும் என்பது உண்மை.

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஒதுக்குவதால் ஊருக்குப் பாதுகாப்பு வருகிறதா? கதையே பதில் சொல்கிறது.

பெரியவரானதும் லூப்பினுக்கு வேலை கிடைக்கவில்லை. தன்னை நம்பிய ஒரே மனிதர் டம்பிள்டோர். அந்த நம்பிக்கையும் போய்விடுமோ என்ற பயத்தில், பழைய நண்பர் சிரியஸ் பிளக் நாயாக மாறக்கூடியவர் என்ற தகவலை ஒரு வருடம் முழுவதும் சொல்லாமல் இருந்தார். அந்த நேரத்தில் எல்லோரும் சிரியஸைக் கொலைகாரன் என்று தேடிக்கொண்டிருந்தார்கள், லூப்பினும் அப்படித்தான் நம்பியிருந்தார். நல்ல மனிதர், பிள்ளைகள் மீது பாசம் உள்ளவர், அவரே வாயைத் திறக்கவில்லை. ஒதுக்கப்பட்டு ஒதுக்கப்பட்டு வளர்ந்தவருக்கு உண்மையைச் சொல்லும் தைரியம் கடைசியில்தான் வரும்.

அடுத்தது இன்னும் பாரதூரமானது. லூப்பினைக் கடித்த கிரேபேக் என்பவன் சிறு பிள்ளைகளைத் தேடிக் கடிக்கிறான். பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்து, சாதாரண மனிதர்களை வெறுக்கும்படி வளர்க்கிறான். இன்னொரு பக்கம் அமைச்சின் அதிகாரி ஒருத்தி, இந்த நோயாளிகள் வேலை தேடிக்கொள்ளவே முடியாதபடி சட்டம் வரைகிறாள். பிறகு யுத்தம் வரும்போது அவர்களில் பலர் எதிரியின் பக்கம் போகிறார்கள். ஏன் போகமாட்டார்கள்? எதிரியாவது நல்ல வாழ்க்கை தருவதாகச் சொன்னான். நாம் கதவை மூடினால் கிரேபேக் கதவைத் திறப்பான்.

இதில் கெட்டவர்களை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. இன்னொரு புத்தகத்தில் ஒரு வைத்தியசாலைக் காட்சி. புதிதாகக் கடிபட்ட ஒருவர் வார்டில் இருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கணவரைப் பார்க்க வந்த மோலி வீஸ்லி, கதையிலேயே அன்பான தாய், லூப்பினை வீட்டு ஆள்போல நடத்துகிறவர், மெதுவாகக் கேட்கிறார்: இவரைப் பொது வார்டில் வைத்திருப்பது பாதுகாப்பா, தனி அறை வேண்டாமா? பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று கணவர் நினைவூட்டுகிறார். நல்ல மனிதர்களின் வாயிலிருந்தும் இந்தக் கேள்வி வரும். அந்த நோயாளியைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பின்னொரு நாள் லூப்பின்தான் எழுந்துபோய் அவரோடு பேசுகிறார்.

இந்த நோயை எச்.ஐ.வி போன்ற, சமூகம் வெட்கப்படும் நோய்களுக்கு உவமையாக வைத்ததாக ரௌலிங்கே பிற்காலத்தில் எழுதினார். உவமை முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். எந்த நோயும் மனிதனை மிருகமாக்குவதில்லை. வேண்டுமென்றே நோயைப் பரப்பும் கிரேபேக்கை வைத்து உண்மையான நோயாளிகளை எடைபோடுவது பெரிய அநியாயம். எச்.ஐ.வி சேர்ந்து இருந்தால், கை கொடுத்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது. ஒழுங்காக மருந்தெடுத்து இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து தாம்பத்திய உறவின் மூலமும் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே சான்றிதழ் கொடுத்தது.

மருத்துவத்தில் அவ்வளவு முன்னேறிய இதே நாட்டில்தான், 2016இல் வடமேல் மாகாணத்தில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு எச்.ஐ.வி இருப்பதாக வதந்தி கிளம்பி, மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைக்கு நோயே இருக்கவில்லை. லூப்பினுக்கு வரவிருந்த அதே கடிதங்கள்தான் அவை.

நம் ஊர்களில் என்ன நடக்கிறது? காசநோய் என்று தெரிந்தால், கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று மறைக்கிறோம். தோலில் உணர்ச்சியற்ற ஒரு வெளிர் தேமல் இருந்தால், தொழுநோய் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று வருடக்கணக்கில் எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறோம். தொழுநோய்க்கு 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை. காசநோய்க்குப் பொதுவாக 6 மாதம். இரண்டும் அரச வைத்தியசாலையில் இலவசம், இரண்டும் சுகமாகும். மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை பெரும்பாலும் குறைந்துவிடும். மருந்தெடுக்கிறவரால் ஊருக்கு ஆபத்து இல்லை. ஊரின் வாய்க்குப் பயந்து மருந்தெடுக்காமல் இருப்பவரிடமிருந்துதான் நோய் பரவுகிறது. அந்தப் பயத்தை உண்டாக்குவது கிருமி அல்ல.

நமக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமும் இல்லை. 2020இல் கொவிட் வந்தபோது நம் சமூகத்தையே நோய்போலப் பார்த்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி வரை அந்த வேதனை நீடித்தது. ஒதுக்கப்படுவது எப்படி வலிக்கும் என்று அறிந்த நாம், நம் வீதியில் இருக்கும் நோயாளிக்கு அதே வலியைக் கொடுப்பதற்கு என்ன நியாயம் சொல்லப்போகிறோம்?

லூப்பினுக்கு மிகப் பெரிய பயம் எது என்று வகுப்பில் ஒரு தடவை வெளிப்படுகிறது. வானத்தில் நிற்கும் வெள்ளை வட்டம், பௌர்ணமி நிலா. பிற்காலத்தில் தனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் நோய் வருமோ, மனைவியையும் ஊர் ஒதுக்குமோ என்று பயந்து வீட்டைவிட்டே போகப் பார்க்கிறார். பிள்ளை சுகமாகப் பிறக்கிறது. ஊர் சொன்னதை அவரே நம்பத் தொடங்கியிருந்தார். நோயாளிக்கு நாம் செய்யும் மிகப் பெரிய கெடுதி அதுதான்.

ஆகவே உறவுகளே, நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. யாருடைய நோயையும் வட்ஸ்அப் குழுமத்தில் போடாதீர்கள். பாடசாலையில் ஒரு பிள்ளைக்கோ ஆசிரியருக்கோ நோய் என்று கேள்விப்பட்டால், பாடசாலை வாசலில் கூட்டம் கூடுவதற்கு முன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் "தொற்றுமா? எப்படித் தொற்றும்?" என்று கேளுங்கள். வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் இருமலோ உணர்ச்சியற்ற தேமலோ இருந்தால் இந்த வாரமே காட்டுங்கள். மருந்தெடுக்கும் ஒருவரைத் தெரியுமென்றால் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளோடு அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "லூப்பின் சேர் உங்கள் பாடசாலையில் இருந்திருந்தால், நாங்கள் என்ன கடிதம் எழுதியிருக்க வேண்டும்?" பிள்ளை சொல்லும் பதிலைக் கீழே பதிவிடுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் வாசிப்போம்.