நெஞ்சுவலி: மாத்திரைக்கு முன் செவிலியர் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 2023 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், மாரடைப்பு அறிகுறிகளுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் தவணை மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என மூன்று மருந்துகள். மொத்தம் 14 மாத்திரைகள். பல நேரங்களில் நோயாளியை முதலில் பார்ப்பவர் செவிலியரே.

"உயிர் போகிற நேரத்தில் இத்தனை கேள்விகளா?" என்று உறவினர்கள் பதறுவதுண்டு. ஆனால் அக்கேள்விகளும் சிகிச்சையே. முதலிரண்டு மருந்துகள் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுத்து, இரத்தக்கட்டி வளராமல் காக்கின்றன. அதே செயல், குடற்புண்ணில் இரத்தம் கசிபவருக்கும் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டவருக்கும் ஆபத்தாகிவிடும். எனவேதான் மலம் கறுத்துப் போகிறதா, வாய் கோணியதா, கைகால் தளர்ந்ததா, வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். நீரிழிவு நோயாளிக்கு வியர்த்துக் கொட்டினால் விரலில் குத்திச் சர்க்கரையும் பார்ப்பார். சர்க்கரை தாழ்ந்தாலும் அவ்வாறே வியர்க்கும்.

ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையான விடை எளிதில் கிடைப்பதில்லை. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை உட்கொண்டீர்களா என்பதே அது. மனைவி, மக்கள் முன்னிலையில் பெரும்பாலோர் இல்லை என்றே தலையசைப்பர். சில்டெனாஃபில் உட்கொண்ட 24 மணி நேரத்திற்குள்ளும், டாடலாஃபில் உட்கொண்ட 48 மணி நேரத்திற்குள்ளும் நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைக் கொடுத்தால், இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். செவிலியர் உங்களை வெளியே நிற்கச் சொன்னால் தயங்காமல் நில்லுங்கள். அண்டை வீட்டாரின் நைட்ரேட் மாத்திரையை நீங்களாகவே கொடுக்கவும் வேண்டாம்.

108-ஐ அழைத்துவிட்டு, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்து வாருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பெற்றவை, மருந்துக்கடையில் வாங்கியவை, நாட்டு மருந்து எல்லாமே அதில் இருக்கட்டும்.

வலி தணிந்ததும் வீடு திரும்ப எண்ணுவோர் பலர். இம்மாத்திரைகள் ஏற்கெனவே உறைந்த கட்டியைக் கரைப்பதில்லை. அதற்கான ஊசியோ, அடைப்பை நீக்கும் சிகிச்சையோ பெரிய மருத்துவமனையில்தான் கிடைக்கும். எந்த மாத்திரை, எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பது பரிந்துரைச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அங்கே சென்றதும் அச்சீட்டை முதலில் காட்டுங்கள். இல்லையெனில் அதே மருந்துகள் மறுமுறையும் முழு அளவில் கொடுக்கப்பட்டுவிடக் கூடும்.