வேளாண்மை என்றால் நெல் மட்டுமோ?

மட்டக்களப்பிலே 'வேளாண்மை' என்றால் நெல். வயலிலே விளைந்து நிற்கும் நெற்பயிரையே அப்பெயரால் அழைப்பது நம் வழக்கு. நெல்லை நாம் பழிக்கவில்லை. படுவான்கரை வயல்கள் சோறிட்டு வளர்த்த மக்கள் நாம். ஆயின், சொல்லிலே புகுந்த குறுக்கம் சிந்தையிலும் புகுந்து, பல்கலைக்கழக வாயிலையும் தாண்டிவிட்டதே என்பதுதான் நமது முறையீடு.

வரலாற்றைப் பார்ப்போம். 1978 நவம்பர் 23 அன்று வீசிய சூறாவளி எழுவான்கரையின் தென்னந்தோப்புகளை ஓரிரவிலே சாய்த்தது. மூன்றாண்டு நிறையுமுன், 1981 ஓகஸ்ட் 1 அன்று, வந்தாறுமூலை மகாவித்தியாலய வளவிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. பேராதனையின் அரவணைப்பிலே முதலில் தொடங்கப்பட்டவை விஞ்ஞானமும் விவசாயமுமே. 1986 ஒக்டோபர் 1 அன்று அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. தோப்பிழந்த மக்களின் நடுவே எழுந்த விவசாய பீடம், தோப்பையும் தோட்டத்தையும் தன் தலையாய பணியாகக் கொண்டிருக்க வேண்டாமா?

கொண்டதா? பொருளியலுக்கு ஒரு துறை, பொறியியலுக்கு ஒரு துறை, கால்நடைக்கு ஒரு துறை, இரசாயனத்துக்கு ஒரு துறை! பூங்கனியியலுக்கோ, பயிர் விஞ்ஞானத் துறையினுள்ளே ஒரு மூலை!

போரைக் காரணம் காட்டுவர். போரின் கொடுமையை நாம் மறந்தோமல்லோம். 1990இல் அவ்வளவு அகதி முகாமாயிற்று. செப்டெம்பர் 5 அன்று இராணுவம் அங்கிருந்து கொண்டுசென்ற 158 பேர் மீளவில்லை. துணைவேந்தராயிருந்த விவசாயப் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் இரவீந்திரநாத், 2006 டிசெம்பர் 15 அன்று கொழும்பிலே காணாமற் போனார், அவரும் மீளவில்லை. ஆனால் துப்பாக்கிகள் ஓய்ந்தது 2009இல். அதன் பின்னரும் மூலை மூலையாகவே இருப்பதற்கும் போரா பொறுப்பு?

"பேராதனையிலும் பூங்கனியியல் பயிர் விஞ்ஞானத்துள் அடக்கந்தானே?" என்று வாதிடுவோர் உளர். பேராதனைக்கு அருகே 1821இல் அமைந்த தாவரவியற் பூங்கா உண்டு. கன்னொறுவையிலே பூங்கனிப் பயிர்களுக்கென்றே அரசாங்க ஆராய்ச்சி நிலையம் உண்டு. நமக்கு? கரடியனாற்றிலே அரசின் பண்ணை உண்டென்பது மெய்யே. பண்ணை கன்று கொடுக்கும், பயிற்சி கொடுக்கும். பட்டதாரி ஆய்வாளரைப் படைத்துத் தருமா?

எழுவான்கரையின் மண் கடல் மணல். இறைத்த நீரும் இட்ட பசளையும் அதிலே தங்குவதில்லை. கிணற்று நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். அளவு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் நீண்ட வெயில். இம்மண்ணிலே களுதாவளையார் வெற்றிலையும் மிளகாயும் வளர்க்கிறார்களே, அது யார் கற்பித்த வித்தை? தந்தை மகனுக்குக் கற்பித்தது! அவ்வறிவைச் சோதித்து, செப்பஞ்செய்து, மாவுக்கும் மரமுந்திரிகைக்கும் விரித்துரைப்பது பல்கலைக்கழகத்தின் கடனன்றோ? அக்கடன் தீராதவரை, தம்புள்ளைச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றிய லொறிகள் நம் வாசலுக்கு வந்துகொண்டேயிருக்கும்.

தமிழகத்தின் பெரியகுளத்தைப் பாருங்கள். 1957இல் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கியது, 1990இல் தோட்டக்கலைக் கல்லூரியாக உயர்ந்தது. நமது வளவு அகதி முகாமான அதே ஆண்டு! இழந்த காலத்தை ஈடுசெய்யும் வேகமேனும் இன்று நம்மிடம் உண்டா?

குற்றம் ஆட்சியாளரிடம் மட்டுமன்று. பிள்ளை வைத்தியனாகவோ பொறியியலாளனாகவோ வரவேண்டுமென்று தவங்கிடக்கும் கல்விமான்களே! தோட்டஞ்செய்தவனின் வியர்வையிலே படித்துவிட்டு, தோட்டத்தை இழிதொழிலாக எண்ணியவர்கள் நாமல்லவா? நாம் கேளாத ஒன்றை யார் தருவார்?

ஆகவே கேட்கிறோம். பூங்கனியியலுக்குத் தனித்துறை வேண்டும். எழுவான்கரையின் மணலிலே ஒன்று, படுவான்கரையின் மேட்டுநிலத்திலே ஒன்றாக இரண்டு பரிசோதனைத் தோட்டங்கள் வேண்டும். ஆங்கிலத்திலே எழுதப்படும் ஆய்வுகளின் பயன், தமிழ் பேசும் விவசாயியின் கைக்குத் தமிழிலேயே வரவேண்டும்.

வாவியின் இருகரையும் நம்முடையவை. ஒரு கரைக்கு மட்டும் கல்வி போதுமென்பாரை நாம் ஒருபோதும் ஒப்போம்!