குட்டி வாங்கும் முன்...

பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடப் போனால், சுவரில் மாநகர் மன்றத்தின் தரச் சான்றிதழ் ‘ஏ’யா, ‘பி’யா என்று பார்க்கிறோம். பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்து நாய்க்குட்டி வாங்கும்போது எதையும் கேட்பதில்லை. கைப்பேசியில் படம் பார்த்ததுமே மனம் இளகிவிடுகிறது!

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017இல் அமலுக்கு வந்தது. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவருக்கு உரிமம் கட்டாயம். வதைத்தால் 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும்.

இங்கிலாந்தில் 2018 முதல், அதிகாரிகள் ஆய்வு செய்து வளர்ப்பாளருக்கு 1 முதல் 5 நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள். விளம்பரத்தில் உரிம எண் இருக்க வேண்டும். அப்படியொரு தாள் இங்கேயும் கடைச் சுவரில் தொங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கிள்ளானில் குட்டி பார்க்கப் போகிறீர்களா? உரிமத்தைக் கேளுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். “அது வேறு இடத்தில் இருக்கு” என்றால், பணத்தை எடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.