விலைக்குள் இருக்கும் கூலி



புளியங்குடி என்றதும் எலுமிச்சம்பழமே எவருக்கும் நினைவுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் அமைந்த இவ்வூரின் சந்தையிலிருந்து எலுமிச்சை மூடை மூடையாகக் கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் செல்கிறது. கோடையில் அதன் விலை ஏறுகிறது. மழைக்காலத்தில் தேவை குறைந்து வரத்து மிகுந்துவிட்டால், சில வேளைகளில் பறிப்புக் கூலிக்கே கட்டாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. அழுகும் பொருளாதலால் விவசாயி காத்திருக்க இயலாது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். முள்ளுக்குள் கைவிட்டுப் பழம் பறித்த பெண்ணின் கூலி, தரம் பிரித்தவர் கூலி, மூடை ஏற்றியவர் கூலி ஆகிய அனைத்தும் அந்த விலைக்குள்தான் அடங்கியிருக்கின்றன. விலை சரிகிறபோது வண்டி வாடகை குறைவதில்லை. குறைவது விவசாயியின் வருமானமும், பறிப்பவருக்குக் கிடைக்கும் வேலையும்தான்.

விற்பவராக நிற்கும்போது இந்த உண்மை நமக்கு நன்றாகவே தெரிகிறது. வாங்குபவராக மாறியவுடன் அது மறந்துபோகிறது. பெரிய கடையில் அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். வாசலில் கூடையை இறக்கிவைக்கும் கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடுகிறோம். “அவளே சம்மதித்துத்தானே கொடுத்தாள்?” என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். இந்தச் சமாதானத்துக்குத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே விடை தந்துவிட்டார். வேறு வழியின்றி ஒருவர் ஒப்புக்கொண்டார் என்பதனாலேயே கூலி நீதியானதாகிவிடாது. உழைப்பவர் வாழ்வதற்கு அது போதுமானதாய் இருக்கவேண்டும் என்பது அவர் போதனை. கூலிக்குச் சொன்னது கீரைக்கட்டுக்கும் பொருந்துமன்றோ?

இக்கேள்வியைத் தனி மனிதரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிடாமல், ஊரின் பொதுக் கடமையாகவே ஏற்றுக்கொண்ட சிற்றூர் ஒன்று இங்கிலாந்தின் வடபகுதியில் உண்டு. லங்காஷயரைச் சேர்ந்த கார்ஸ்டாங் என்பது அதன் பெயர். அங்குக் கால்நடை மருத்துவராக இருந்த புரூஸ் குரோதர் என்பவரும் அவருடைய நண்பர்களும், தொலைநாட்டு விவசாயிகளுக்கு நியாய விலை கொடுத்து வாங்கப்பட்ட தேயிலை, காப்பி, கோக்கோ போன்றவற்றையே வாங்குமாறு ஊராரை வேண்டினர். ஊர்ப் பெரியோரையும் ஆலயத்தாரையும் பள்ளியாரையும் வணிகரையும் ஒரு விருந்துக்கு அழைத்து, அத்தகைய பொருள்களோடு உள்ளூர் விளைபொருள்களையும் சேர்த்துச் சமைத்துப் பரிமாறினர். அவ்வட்டாரத்துப் பால் பண்ணையாரும் அப்போது பாலுக்கு உரிய விலையின்றித் தவித்துக்கொண்டிருந்தனர். ஆகவே ஆப்பிரிக்க விவசாயியின் துயரம் அவர்களுக்கு அயலார் துயரமாகத் தோன்றவில்லை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் கூடிய ஊர்க்கூட்டம், உலகின் முதல் நியாய வணிக நகரமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அதனைப் பின்பற்றிய ஊர்கள் பல நாடுகளிலுமாக இன்று 2,000-க்கும் மேற்பட்டவை.

நியாய வணிகம் என்னும் இந்த ஏற்பாட்டின் தொடக்கத்தில் நம் திருச்சபையின் குருவானவர் ஒருவரும் இருந்தார். மெக்சிகோவின் ஓஹாக்கா மலைப்பகுதியில் காப்பி பயிரிடும் பழங்குடி மக்களிடையே பணிசெய்த ஹாலந்து நாட்டவரான பிரான்ஸ் வான்டர் ஹாப் அடிகளார்தாம் அவர். அம்மக்கள் கேட்டது நன்கொடையன்று. காப்பிக்கு உரிய விலையே. 1988இல் அடிகளாரும் நண்பர்களும் ஹாலந்தில் ஒரு முத்திரையை ஏற்படுத்தினர். முத்திரை பெற்ற பொருளுக்குச் சந்தை விலை எவ்வளவு வீழ்ந்தாலும் ஒரு குறைந்தபட்ச விலை உண்டு. அதற்கு மேலும் ஒரு தொகை விவசாயிகளின் சங்கத்துக்குச் சேரும். அதனைப் பள்ளிக்கோ கிணற்றுக்கோ செலவிடுவதைச் சங்கத்தாரே தீர்மானிப்பர். இதிலும் குறைகள் இல்லாமலில்லை. முத்திரை பெறுவதற்கே செலவாகிறது. விளைச்சல் முழுவதும் அவ்விலைக்கு விற்றுவிடுவதுமில்லை. ஆயினும், விலைக்கு ஓர் அடித்தளம் வேண்டும் என்னும் நியதியை அது நிலைநாட்டியது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகளுக்குக் குறைவில்லை. தறிக்காரரின் கூட்டுறவாகிய கோ-ஆப்டெக்ஸ் 1935இலேயே தொடங்கப்பட்டது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகரின்றி விவசாயி நேரே விற்கவும், மொத்த விலையைவிட அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கவும் அது வழிசெய்தது. ஆனால் சந்தையைத் திறப்பதுதான் அரசால் ஆகும். அங்கே சென்று வாங்கவேண்டியவர்கள் நாமே.

விலைக்குள் அடங்கியிருப்பது விளைவித்தவரின் கூலி மட்டுமன்று. விற்றுக் கொடுப்பவரின் பாடும் அதற்குள் இருக்கிறது. திருநாள் புத்தாடை எடுக்கப் பட்டணத்துப் பெரிய துணிக்கடைகளுக்குச் செல்கிறோம். அங்கே நமக்குப் புடவை விரித்துக் காட்டும் பெண்களில், நம் தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து சென்ற பிள்ளைகள் பலர். காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்த அவர்களுக்காக, 2021இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி, கடைப் பணியாளர் அமர்வதற்கு இருக்கை அளிக்கவேண்டும் என்று விதித்தது. கேரளம் 2018இலேயே இதைச் செய்தது. அச்சட்டம் கடைக்குள் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை அன்றாடம் காணக்கூடியவர், வாங்கச் செல்லும் நாமன்றி வேறு யார்? “அம்மா, உங்களுக்கு உட்கார நாற்காலி உண்டா?” என்று முதலாளியின் காதில் விழும்படி நாலு குடும்பத்தார் கேட்டால் போதும், கேளாத சட்டமும் கேட்கும்.

ஆகவே ஒவ்வொரு பங்கிலும் அன்பியங்களும் மாதர் சங்கமும் கூடிச் சில முடிவுகளைச் செய்துகொள்ளலாம். தலைச்சுமையாய்க் கொண்டுவந்து விற்பவரிடம் பேரம் பேசுவதில்லை. கடன் வைத்திருந்தால் அந்த வாரத்திலேயே தீர்த்துவிடுவது. திருவிழா அசனத்துக்கு வேண்டிய அரிசி, காய்கறி, எலுமிச்சை ஆகியவற்றை, கூடியமட்டும் விளைவித்தவரிடமே, முன்கூட்டிப் பேசிய விலைக்கு வாங்குவது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் குடும்பத்துக்குக் கைத்தறித் துணி எடுப்பது. இவற்றுள் எதுவும் பெரும் செல்வரால் மட்டுமே ஆகக்கூடியதன்று. வறிய குடும்பம் விலை பார்த்துத்தான் வாங்கவேண்டும், அதில் குற்றமில்லை. வசதியிருந்தும் எளியவரின் விலையை மட்டும் குறைப்பதே குற்றம்.

வாங்குதல் என்பது வெறும் பணக்கணக்கன்று, அது அறச்செயலும் ஆகும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் எழுதினார். அறுவடை செய்தவரின் பிடித்துக்கொள்ளப்பட்ட கூலியே ஆண்டவரிடம் கூக்குரலிடுகிறது என்பது புனித யாக்கோபின் எச்சரிக்கை. ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டில் இடும் நாணயத்தை நாம் கணக்கில் வைக்கிறோம். சனிக்கிழமைச் சந்தையில் ஏழையின் கையிலிருந்து குறைத்துக்கொண்ட நாணயமும் கணக்கில் ஏறாமல் போகாது. அடுத்த முறை பையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் புறப்படுகையில், பொருளின் விலையோடு அதனுள் அடங்கிய கூலியையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுங்கள்.