நிலம் வைத்திருப்பவர்க்கும் ஒரு படிப்பு வேண்டும்

புறவழிச் சாலைக்கு அளவுக்கல் நட்ட மறு மாதமே கிராமத்திற்குள் கார்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. "ஏக்கர் என்ன விலை சொல்றீங்க?" என்று கேட்பவர், அந்த நிலத்தின் சர்வே எண், வழிகாட்டி மதிப்பு, பக்கத்து நிலம் கைமாறிய விலை ஆகிய எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். பதில் சொல்பவரோ முப்பது வருடம் அதே மண்ணை உழுதவர். எந்த மூலையில் களர், எந்த வரப்பில் எலி வளை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் பட்டா யார் பேரில் இருக்கிறது, மூலப் பத்திரம் எங்கே என்று கேட்டால், "பெட்டியில் இருக்கும், பார்க்கணும்" என்கிறார். பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது.

விதைக்கும், உரத்திற்கும், பூச்சிக்கும் விவசாயிக்குப் பயிற்சி உண்டு. 1974-ல் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று மாவட்டந்தோறும் இத்தகைய நிலையங்கள் இயங்குகின்றன. காளான் வளர்ப்புக்கும் தேனீ வளர்ப்புக்கும் வகுப்பு நடக்கிறது. ஆனால் விவசாயியின் ஒரே பெரிய முதலான நிலத்தை எப்படி வைத்துக் காப்பது, எப்படிக் குத்தகைக்கு விடுவது, விற்க நேர்ந்தால் எப்படி விற்பது என்பதற்கு மட்டும் வகுப்பு இல்லை. இந்தக் குறை நீங்க வேண்டும்.

வெளியில் என்ன நடக்கிறது?

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டில் வீட்டை வாடகைக்கு விட்டுத் தாமே நிர்வகிக்கும் சொந்தக்காரர், பயிற்சி பெற்று உரிமம் வாங்கியாக வேண்டும். 2014-ல் சட்டம் வந்தது. 2016 நவம்பர் முதல் கட்டாயமாயிற்று. உரிமம் ஐந்தாண்டுக்குத்தான். நம் நாட்டில் மகாராஷ்டிரத்தில், மனை, வீடு விற்றுத்தரும் முகவர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெறவேண்டும் என்று 2023-ல் கட்டாயமாக்கினார்கள்.

தமிழ்நாட்டிலும் 2016-ம் வருடத்திய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் அது பதிவு பெற்ற மனைத் திட்டங்களை விற்றுத் தருபவர்களுக்கே. ஊர் நிலத்தை டீக்கடையில் பேசி முடிக்கும் தரகர் அந்த வலைக்குள் வருவதில்லை. ஆகவே அந்தப் பேரத்தில் விவசாயிக்கு அவருடைய அறிவே காவல்.

காகிதம் விற்கும் கடைகள்

இந்தக் குறையைக் கண்டுகொண்ட சிலர் நகரங்களில் ஓட்டல் அரங்கை வாடகைக்கு எடுத்து, "மூன்று நாளில் நில முதலீட்டு நிபுணர் ஆகலாம்" என்று வகுப்பு நடத்துகிறார்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம். முடிவில் முத்திரை போட்ட ஒரு சான்றிதழ். நம் நாட்டில் நிலம் வாங்கவோ, விற்கவோ, வாடகைக்கு விடவோ எந்தச் சான்றிதழும் சட்டப்படி தேவையில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை யாரும் கேட்கப்போவதுமில்லை. கறவை மாட்டை விற்று அந்தக் காகிதத்தை வாங்குவது வீண். தேவைப்படுவது பாடம், சுவரில் மாட்டும் சட்டம் அல்ல.

என்ன கற்பிக்கலாம்?

முதல் பாடம் பத்திரம். பட்டா மட்டுமே முழு உரிமையாகிவிடாது. மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை தொடர்ச்சி வேண்டும். வில்லங்கச் சான்றும் பட்டா, சிட்டாவும் இன்று இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன. கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்யவேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005-ல் திருத்தப்பட்டபின் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு. அக்காள் தங்கையரைக் கேளாமல் போட்ட கையெழுத்து பின்னாளில் கோர்ட்டுப் படி ஏற வைக்கும்.

இரண்டாவது கணக்கு. ஒரு ஏக்கர் 100 சென்ட். அதாவது 43,560 சதுர அடி. எடுத்துக்காட்டாக, ஏக்கர் ரூ.20 லட்சம் என்றால் சதுர அடி சுமார் ரூ.46 ஆகிறது. சாலைக்கும் பொது இடத்திற்கும் போக 26,000 சதுர அடி மனையாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சதுர அடி ரூ.400-க்கு விற்றால் ரூ.1 கோடியே 4 லட்சம். மனை போடுபவருக்கு அனுமதி, சாலை, விளம்பரம் என்று செலவு உண்டு என்பது உண்மை. ஆனால் இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த விவசாயி முதல் விலைக்கே தலையாட்ட மாட்டார்.

மூன்றாவது ஒப்பந்தம். முழுப் பணமும் வராமல் பொது அதிகாரப் பத்திரம், அதாவது 'பவர்', எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. பவர் பத்திரத்தால் மட்டும் நிலத்தின் உரிமை மாறிவிடாது, பதிவு செய்த கிரையமே உரிமையை மாற்றும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிற்று. ஆயினும் பவர் வாங்கியவர் உரிமையாளர் சார்பில் மூன்றாம் ஆளுக்குக் கிரையம் எழுதிவிட்டால், வழக்கு நடத்துவது விவசாயிதான். முன்பணம் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதும் பொதுவாகக் கூடாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழக்கூடும். காசோலையாகவோ வங்கி வழியாகவோ பெறுவதே நலம்.

நான்காவது வரி. ஊர்ப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்திற்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகர எல்லைக்குள்ளும், மக்கள் தொகையைப் பொறுத்து அந்த எல்லையிலிருந்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் நிலத்திற்கு இந்தச் சலுகை கிடையாது. இது தெரியாமல் வந்த பணத்தை எல்லாம் செலவழித்தவர், நோட்டீசு வந்தபின் திகைக்கிறார்.

ஐந்தாவது, வந்த பணத்தை எங்கே போடுவது என்பது. நிலத்தை விற்ற பலர் அந்தப் பணத்தில் டவுனுக்கு அருகே மனை வாங்குகிறார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, அப்படி வாங்கியவர்கள் கையைப் பிசைந்து நின்றார்கள். 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. ஆனாலும் கட்டணமும் அலைச்சலும் மிச்சம். மனையின் அங்கீகார எண்ணைக் கேட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

குத்தகையும் ஒரு பாடமே

விற்காமல் குத்தகைக்கு விடுவோருக்கும் அச்சம் உண்டு. 1955-ம் வருடத்திய சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, எழுத்தில் எதுவும் வேண்டாம் என்று வாய்ப்பேச்சில் விடுகிறார்கள். சிலர் தரிசாகவே போட்டுவிடுகிறார்கள். இதனால் நிலச் சொந்தக்காரர் கையில் ஆதாரம் இல்லை. உழுபவருக்குப் பயிர்க் கடனும் காப்பீடும் சிக்கலாகின்றன. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-லேயே தனிச் சட்டம் உண்டு. இரு தரப்பும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து சட்டத்தைக் கேட்டால், பாதி அச்சம் அங்கேயே தீரும்.

ஒரு மறுப்பு

இப்படிக் கற்பித்தால் விவசாயிகள் எல்லாரும் நில வியாபாரிகளாகிவிட மாட்டார்களா, விளைநிலம் இன்னும் வேகமாக மனையாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கவலைதான். ஆனால் இன்று அவசரமாக, மலிவாக விற்பவர் யார்? விவரம் தெரியாதவரும் கடன் நெருக்கியவருமே. கணக்குத் தெரிந்தவர் மூன்று ஏக்கரையும் விற்காமல் சாலையோரம் 20 சென்ட் மட்டும் கொடுத்துக் கடனை அடைக்கலாம்; மீதியில் உழலாம். விற்காமல் இருக்கவும் அறிவு வேண்டும்.

வேல்ஸைப் போல் இங்கே கட்டாயமாக்க வேண்டியதில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் உரிமம் கேட்பது இன்னொரு அலைச்சலாகவே முடியும். வேளாண் அறிவியல் நிலையங்களில், அறுவடை ஓய்ந்த மாதத்தில், மூன்று நாள் வகுப்பு போதும். தமிழில் நடக்கவேண்டும், இலவசமாக இருக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், சார்பதிவாளர் அலுவலக ஊழியர் ஆகியோரே வந்து பாடம் சொல்லலாம். கணவன் மனைவி இருவரும் வரவேண்டும். ஏனெனில் கையெழுத்து ஒருவர் போட்டாலும் இழப்பு இருவருக்கும். முடிவில் ஒரு சான்றிதழ் கொடுத்தாலும் நல்லதே. ஆனால் அதைவிட, ஒவ்வொருவரும் தம் பத்திரப் பெட்டியைத் திறந்து, குறைகளைக் குறித்துக்கொண்டு வீடு திரும்பினால் அதுவே பெரிய தேர்ச்சி.

வகுப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கார் வந்து நிற்பதற்கு முன்பே, இந்த வாரமே, பெட்டியைத் திறந்து பார்ப்பது நலம். அரசும் வேளாண் துறையும் மற்றதற்கு ஆவன செய்ய வேண்டும்.