புற்று நோயும் தலையெழுத்தும்

நம் நாட்டில் ஒருவருக்குப் புற்று நோய் கண்டால், "பூர்வ ஜென்மப் பாவம்", "தலையெழுத்து" என்று சொல்லிவிடுவது வழக்கமாயிருந்து வருகின்றது. டாக்டரிடம் போவதற்கு முன் ஜோசியனிடமும் பரிகாரத்திலும் பணமும் நாளும் போய்விடுகின்றன. பணம் போனாலும் சம்பாதிக்கலாம். இந்நோயில் நாள் போனால் உயிரே போய்விடும். ஆதலால் இதைப்பற்றிச் சற்று எழுதுகின்றோம்.

1775-ல் லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட் என்பவர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகளுக்கு விரைத் தோலில் வரும் புற்றுக்குக் காரணம் அங்கு படியும் கரியே என்று எடுத்துக் காட்டினார். சிறு வயதிலேயே புகைபோக்கிக்குள் ஏற்றப்பட்ட ஏழைப் பிள்ளைகளே பிற்காலத்தில் இந்நோய்க்கு இரையானார்கள். 1892-ல் பட்லின் என்னும் டாக்டர் விசாரித்ததில், உடலை மூடும் உடுப்பும் உடம்பைக் கழுவும் பழக்கமும் இருந்த வேறு ஐரோப்பிய நாடுகளில், அதே தொழில் செய்பவர்களுக்கு அந்நோய் அபூர்வமென்று தெரிந்தது. பிரமன் எழுதிய எழுத்தானால் அது உடுப்புக்கும் தண்ணீருக்கும் பயந்து ஓடுமா என்று கேட்கின்றோம்.

1915-ல் ஜப்பானில் யாமாகிவா, இச்சிகாவா என்ற இருவர் முயலின் காதில் விடாமல் தாரைத் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். அந்த முயல் எந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்ததென்பதைக் கர்மவாதிகள்தான் சொல்ல வேண்டும்!

நமது உடம்பிலுள்ள உயிரணுக்கள் எப்போது பெருகவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்ற கட்டளை மரபணுக்களில் இருக்கின்றது. புகையிலைப் புகையிலுள்ள விஷம் அதில் ஒட்டிக் கட்டளையைப் பிழையாக்குகின்றது. நுரையீரல் புற்றில் பி53 என்னும் காவல் மரபணுவில் பிழை மிகுதியாகக் காணும் இடங்களிலேயே அவ்விஷம் ஒட்டுகின்றதென்பது 1996-ல் வெளியாயிற்று. இத்தகைய பிழைகள் பல, வருஷக்கணக்கில் சேர்ந்தே புற்றாகின்றது.

சிலருக்குப் பிழையான மரபணு பெற்றோரிடமிருந்து வருவதும், சில பிழைகள் உயிரணு பெருகும்போது தானாகவே நேருவதும் உண்மையே. ஆனால் அதுவும் பாவபலன் அல்ல. குடும்பத்தில் பலருக்கு இந்நோய் கண்டிருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சோதித்துக்கொள்ளவேண்டும் என்பதே அதன் அர்த்தமாகும்.

நம்மவர்கள் மங்கலமென்று தட்டில் வைத்துக் கொடுக்கும் பாக்கும்கூட, புகையிலை சேராமலே புற்றை உண்டாக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2004-ல் வெளியிட்டிருக்கின்றது. சாஸ்திரம் சொல்லும் மங்கலத்தை நம் வாய்க்குள் இருக்கும் உயிரணு ஒப்புக்கொள்ளவில்லை.

தலைவிதி என்பதால் லாபமடைவோர் யார்? புகையிலை வியாபாரியும், தொழிலாளியை விஷத் தூசியில் நிறுத்தும் முதலாளியும், ஜோசியனுமேயாவார்கள். காரணம் தெரிந்தால் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் அவர்கள் பதில் சொல்லியாகவேண்டும்.

ஆகவே தோழர்களே! புகையிலையையும் பாக்கையும் விட்டொழியுங்கள். வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்பை உரிமையாகக் கேளுங்கள். வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் கோவிலுக்கல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.